கடைசிப் பக்கம் இல்லாத புத்தகம்

போளூரில் பிறந்தவனுக்கு ஞானம் வரவில்லை என்றால் அது அவன் தப்பு. ஊரைக் குறை சொல்ல முடியாது. ஊருக்குள்ளேயே விட்டோபா சுவாமிகள் சமாதி. குன்றின் மேல் நரசிம்மர். சந்தவாசல் பக்கம் போனால் படவேட்டில் ரேணுகாம்பாள். ஆரணி பக்கம் திரும்பினால் திருமலையில் சமணக் கோயில். குந்தவை பெயரிலேயே அங்கே ஒரு ஜினாலயம் உண்டு. பௌர்ணமி வந்தால் பர்வதமலைக்குக் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். இதெல்லாம் போதாதென்று தெற்கே 35 கிலோமீட்டரில் சாட்சாத் அண்ணாமலையே உட்கார்ந்திருக்கிறார்.

இத்தனை பேருக்கும் நடுவில் நான் ஒரு ஆபீஸில் ரசீதுக்கு ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருந்தேன்.

வருஷம் 1997. எனக்கு வயசு 26. பி.காம். வேலை நிரந்தரம், சம்பளம் சுமார், மேலதிகாரி சுமாருக்கும் கீழே. அப்பா வீட்டிலேயே பட்டுத் தறி போட்டிருந்தார். ஆரணி முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார். புடவையாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. அப்பாவுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்த நேரம் அது. ஒரு பாவு முடிந்து புதுப் பாவு வந்தால், பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திரிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ராத்திரி ஆபீஸ் விட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் இழை எடுத்துக் கொடுக்க வேண்டும். எடுத்துக் கொடுத்துக்கொண்டே மனசுக்குள், ‘நான் யார்?’ என்று கேட்டுக்கொள்வேன். “டேய், ரெண்டு இழை சேத்துக் குடுத்துட்டே” என்று அப்பாவிடமிருந்து பதில் வரும்.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்கிறீர்களா? எல்லாம் படித்துத்தான்.

அப்போது என்னை மாதிரி ஆபீஸ் பசங்களுக்கெல்லாம் பாலகுமாரன்தான் குரு. அவரே ட்ராக்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். ‘மெர்க்குரிப் பூக்க’ளில் தொழிற்சாலை, ‘இரும்பு குதிரை’களில் லாரி. நம்ம அலுவலக எரிச்சல் எல்லாம் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் திடீரென்று திருவண்ணாமலை யோகி ராம்சுரத்குமார் காலில் விழுந்து, அவரைப் பற்றியே எழுத ஆரம்பித்தார். சிகரெட் பிடிக்கிற சாமியார்! கையில் விசிறி, கொட்டாங்கச்சி, தன்னைத் தானே பிச்சைக்காரன் என்று சொல்லிக்கொள்வார். அட, நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறாரே என்று தோன்றிவிட்டது. (சிகரெட் விஷயத்தில் மட்டும் நான் உடனடியாக முன்னேற்றம் காட்டினேன்.)

அடுத்தது பால் பிரண்டன். 1934-ல் அவர் எழுதிய இந்தியப் பயணப் புத்தகம்தான் ரமணரை மேல்நாட்டுக்காரர்களுக்கு அறிமுகம் செய்தது. லண்டன் பத்திரிகைக்காரர் ஒருவர் கடல் தாண்டி வந்து நம்ம மலையடியில் வாயடைத்துப் போய் உட்காருகிறார். நான் டவுன் பஸ் ஏறிக்கூடப் போகவில்லை என்று குறுகுறுத்தது.

மூன்றாவதாக, வேலூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது சாமர்செட் மாமின் ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’. 1944-ல் வந்த நாவல். கடோபநிஷத்திலிருந்து எடுத்த தலைப்பு. சவரக்கத்தியின் விளிம்பில் நடப்பது போன்ற பாதை என்று அர்த்தம். கதாநாயகன் லாரி டேரல், முதல் உலகப்போரில் விமானம் ஓட்டிய அமெரிக்கப் பையன். அவனைக் காப்பாற்றப்போய் சிநேகிதன் செத்துப்போகிறான். அதற்கப்புறம் சிகாகோவில் காத்திருக்கிற கொழுத்த வேலையும் வேண்டாம், கட்டிக்கொள்ளக் காத்திருக்கிற இசபெல்லும் வேண்டாம் என்று கிளம்புகிறான். பாரிஸில் படிக்கிறான், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிறான், கடைசியில் இந்தியாவுக்கு வந்து ஒரு குருவின் ஆசிரமத்தில் இரண்டு வருஷம் இருக்கிறான். கதையில் அந்த ஆசிரமம் இருப்பது திருவிதாங்கூரில். ஆனால் அந்த குருவுக்கு அச்சாரம் நம்ம ரமணர்தான் என்று படித்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். மலை மேல் விடிகாலை. சூரியன் எழும்புகிறது. லாரிக்கு என்னமோ நடக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. பக்கத்தைப் புரட்டினால்... காணோம்! கடைசி அறுபது பக்கம் போல யாரோ கிழித்திருந்தார்கள். எட்டு ரூபாய்ப் புத்தகத்தில் அவ்வளவுதான் என்றார் கடைக்காரர்.

பரவாயில்லை, முடிவு எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஞானம் வந்தவன் என்ன செய்வான்? மலையிலேயே இருந்துவிடுவான். அதிலென்ன சந்தேகம்?

ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸில் ஒரு ரசீதுப் புத்தகம் காணாமல் போனதற்கு என்னை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார்கள். (திங்கட்கிழமை அது மேலதிகாரியின் மேஜை டிராயரிலேயே இருந்தது, அது வேறு கதை.) அன்றைக்கு ராத்திரியே ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன்.

எப்படிப் போவது என்பதற்கும் கைவசம் முன்மாதிரி இருந்தது. 1896 ஆகஸ்ட் 29-ம் தேதி, மதுரையில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயோடு ஒரு சீட்டும் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினான். கையிலிருந்த பழைய வரைபடத்தை நம்பித் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தான். ரயிலில் வந்த ஒரு மௌல்விதான், விழுப்புரத்திலேயே மாறிவிடு, திருவண்ணாமலைக்கே ரயில் இருக்கிறது என்று சொன்னார். காசு போதாமல் பாதி வழி நடந்து, கீழூரில் ஒரு வீட்டில் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1-ம் தேதி வந்து சேர்ந்தான். அப்புறம் 1950 ஏப்ரல் 14 வரை அந்த ஊரை விட்டு நகரவில்லை. அவர்தான் ரமண மகரிஷி. அந்த விழுப்புரம் – காட்பாடி லைனில்தான் எங்கள் போளூர் ஸ்டேஷனும் இருக்கிறது!

நானும் சம்பளத்தில் மிச்சமிருந்த 500 ரூபாயில் 300-ஐ எடுத்துக்கொண்டு, 200-ஐ சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். சீட்டும் எழுதி வைத்தேன். அவர் சீட்டு நாலைந்து வரிதான். என் சீட்டு ஃபுல்ஸ்கேப்பில் இரண்டு பக்கம்! இதிலேயே எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. விடிகாலை மீட்டர்கேஜ் பாசஞ்சரில் ஏறிவிட்டேன்.

புது பாவு முந்தின நாள்தான் வந்திருந்தது. தறியில் கட்டி, இழை சேர்க்காமல் கிடந்தது. அதைத் தாண்டித்தான் வெளியே வந்தேன்.

ரமணாசிரமத்தில் பழைய ஹாலில் உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் ரசீதுப் புத்தகம் வந்தது. திறந்தால் வெள்ளைக்காரர்கள் நிச்சலனமாக உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்கே பசித்தது. வெளியே வந்து மயிலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, திண்ணையில் ஒரு பெரியவர். தஞ்சாவூர்ப் பக்கம், தபால் இலாகாவில் இருந்து ரிட்டயர் ஆனவர். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

“மாமா தம்பி? எந்த எடிஷன்?”

எனக்கு எடிஷன் எல்லாம் தெரியாது. கிழிந்த எடிஷன் என்றேன். சிரித்தார். பக்கத்தில் உட்காரச் சொல்லி ஒரு கதை சொன்னார்.

1938-ல் மாம் இங்கே வந்தார். வந்த இடத்தில் ரமணரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே மயக்கம் போட்டு விழுந்துவிட்டார். ஆசிரமத்திலிருந்த ஆங்கிலேயர் ஒருவரின் அறையில் படுக்கவைத்தார்கள். ரமணரே எழுந்து அங்கே போய் எதிரில் உட்கார்ந்தார். சுமார் அரை மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமா என்று மாம் தயங்கியபோது, பேசத் தேவையில்லை என்ற மாதிரி பதில் வந்தது. பேட்டி முடிந்தது. அவ்வளவுதான். ஆனால் எழுத்தாளருக்கு சமாதி நிலையே வந்துவிட்டதாக ஊரெல்லாம் செய்தி பரவிவிட்டது! மாம் இருபது வருஷம் கழித்து, 1958-ல் வந்த ஒரு கட்டுரையில் நிதானமாக எழுதினார்: எனக்கு இந்த மாதிரி மயக்கம் முன்னாலும் வந்திருக்கிறது, பின்னாலும் வந்திருக்கிறது, ஞானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிற பாணியில்.

“நேர்மையான மனுஷன்” என்றார் பெரியவர். “நமக்கு ஒரு ஏப்பம் வந்தாலே குண்டலினிங்கறோம். சரி, லாரி கடைசியில என்ன ஆனான், தெரியுமோ?”

“மலையிலேயே இருந்திருப்பான் சார்.”

“இல்லை தம்பி. டாக்ஸி ஓட்டப் போறான்.”

நான் அவரையே பார்த்தேன்.

“ஆமாம். கையிலிருந்த சொத்தையும் தள்ளிட்டு, கப்பல்ல வேலை செஞ்சுண்டே நியூயார்க் போய், ஒரு கராஜ்ல வேலை கத்துண்டு, அப்புறம் டாக்ஸி. பரதேசிக்குத் திருவோடும் கோலும் மாதிரி அவனுக்கு அந்த டாக்ஸி. அதுதான் நீங்க படிக்காத பாகம்.”

எட்டு ரூபாய் மிச்சம் பிடித்து வாங்கிய புத்தகத்தால் எனக்கு ஏற்பட்ட நஷ்டம் அப்போதுதான் தெரிந்தது. ஞானம் அடைந்து ஒருத்தன் டாக்ஸி ஓட்டுவதா? அதற்கு நான் ஏற்கெனவே ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொண்டுதானே இருந்தேன்!

“மகரிஷி மட்டும் வீட்டை விட்டு வரலியா சார்?” என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே.

அதே கேள்வியை அவரிடமே பல பேர் கேட்டிருக்கிறார்களாம். வேலையை விடட்டுமா, சம்சாரத்தை விடட்டுமா என்று வந்தவர்களிடம், வேலை ஒன்றும் தடையில்லை, ‘நான் செய்கிறேன்’ என்கிற எண்ணம்தான் தடை என்பார். நீங்கள் மட்டும் விட்டுவிட்டு வந்தீர்களே என்றால், அது அவரவர் பிராரப்தம் என்று முடித்துவிடுவார். பெரியவர் இதைச் சொல்லிவிட்டு, “அவர் ஊரை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி படிச்ச முதல் ஆன்மிகப் புஸ்தகம் எது, சொல்லுங்க” என்றார்.

அது எனக்குத் தெரியும். பெரிய புராணம்.

“அதுல யார் யார் இருக்கா?”

நான் சொல்லவில்லை. ஆனால் யோசித்தேன். திருநீலகண்டர் குயவர். அதிபத்தர் மீன் பிடிக்கிறவர். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுக்கிறவர். நேச நாயனார் துணி நெய்கிறவர். ஆமாம், நெசவாளர்! நெய்த துணியை அடியார்களுக்குக் கொடுத்துக்கொண்டே தறியில் உட்கார்ந்திருந்தவர். அந்தப் புத்தகத்தைப் படித்து ஒரு பையன் வீட்டை விட்டு வந்தான் என்பது நிஜம். அந்தப் புத்தகத்துக்குள்ளே இருக்கிற பலர் தொழிலை விடவில்லை என்பதும் நிஜம். இதை எங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது என்று எனக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை.

மதியம் இலை போட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சாப்பிட்டேன். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அன்றைக்கு நான் திரும்பியது புரிந்ததாலா, பயந்ததாலா? நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே பல தடவை கேட்டுக்கொண்டாயிற்று. ராஜினாமாக் கடிதம் சட்டைப் பையிலேயே வியர்வையில் நனைந்து கிடந்தது. தபாலில் போடவில்லை என்பதே ஒரு பதிலோ என்னவோ.

வீட்டுக்குப் போனபோது ராத்திரி எட்டரை. தறி மேல் குண்டு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அப்பா பாவுக்கு முன்னால் உட்கார்ந்து விரலால் தடவித் தடவி இழை தேடிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு சாண் அகலம்கூட முடியவில்லை. என் இரண்டு பக்க சீட்டு அவர் மடியில் மடிந்து இருந்தது. படித்தாரா, கண் தெரியாமல் விட்டாரா, யாராவது படித்துச் சொன்னார்களா... கேட்க எனக்குத் தைரியமில்லை. 200 ரூபாயை அம்மா மளிகைக் கடை பாக்கிக்குக் கொடுத்துவிட்டாள்.

கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். இழை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. (மாமுக்குக் கிடைத்தது அரை மணிதான்.)

அப்புறம் அப்பாவாகவே ஆரம்பித்தார். “திருவருட்செல்வர் பாத்துக்கிறியாடா நீ?”

அப்பா தன் வாழ்நாளில் பார்த்த படங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். ஏ.பி.நாகராஜன் எடுத்த ‘திருவருட்செல்வர்’ 1967-ல் வந்தது. டூரிங் டாக்கீஸில் பார்த்தாராம். அதில் சிவாஜி அப்பராக வருவதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நடையைச் சொல்வார்கள், குனிந்த முதுகைச் சொல்வார்கள். அப்பாவுக்குப் பிடித்தது திருக்குறிப்புத் தொண்டர். ஒரு கிழ அடியாரின் கந்தலைச் சாயங்காலத்துக்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாக வாக்குக் கொடுக்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது. விடவே இல்லை. குளிரில் நடுங்குகிற கிழவருக்குத் துணி கொடுக்க முடியாமல் போய்விட்டதே என்று, துவைக்கிற கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளப் போகிறார். அப்போது சிவன் கையைப் பிடிக்கிறார்.

“அந்த ஆள் இன்னாத்துக்குடா அழுதாரு? சாமி வரலன்னா? சொன்ன நேரத்துக்குத் துணி குடுக்க முடியலன்னு அழுதாரு” என்றார் அப்பா. “நமக்கும் மழைக்காலத்துல குழியில தண்ணி ஊறிக்கினா அப்டித்தான் இருக்கும். முதலாளி திட்டுவான்னு இல்லடா. அங்க ஒரு பொண்ணு முகூர்த்தத்துக்கு உக்காந்துக்கினு இருக்குமே!”

ஐப்பசி முகூர்த்தத்துக்கு அந்தப் புடவை போயாக வேண்டும். அதற்கு மேல் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை. அந்தப் புடவை போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் லேட்.

அதற்கப்புறமும் நான் இந்த மாதிரிப் படங்களையும் புத்தகங்களையும் விடவில்லை. ஆனால் ஒன்று: முடிவை முதலில் பார்த்துவிடுவேன். ஆள் கடைசியில் எங்கே போய் நிற்கிறான் என்பதுதான் எனக்கு முக்கியம்.

‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ இரண்டு தடவை படமாகியிருக்கிறது. 1946-ல் டைரோன் பவர் நடித்தது. அதில் நடித்த ஆன் பாக்ஸ்டருக்குத் துணை நடிகை ஆஸ்கர் கிடைத்தது. இரண்டாவது 1984-ல். லாரியாக நடித்தவர் யார் என்கிறீர்கள்? பில் மர்ரே, காமெடி நடிகர்! நம்ம நாகேஷ் பட்டினத்தாராக நடிக்க ஆசைப்பட்ட மாதிரி. கம்பெனி தயங்கியது. ‘கோஸ்ட் பஸ்டர்ஸ்’ நடித்துக் கொடு, இதற்குப் பணம் தருகிறோம் என்றார்கள். நடித்தார். பேய்ப் படம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. லடாக் வரை போய் எடுத்த ஞானப் படம் படுத்துவிட்டது. மனிதர் வெறுத்துப்போய் சில வருஷம் சினிமாவைக் குறைத்துக்கொண்டு பாரிஸுக்குப் படிக்கப் போய்விட்டார், லாரி மாதிரியே.

வேடிக்கை என்னவென்றால், அவர் தேடியது 1993-ல் ஒரு காமெடிப் படத்தில் கிடைத்தது. ‘கிரவுண்ட்ஹாக் டே’. டி.வி.யில் வானிலை சொல்கிற சிடுமூஞ்சி ஒருத்தன். ஒரு சின்ன ஊரில் மாட்டிக்கொள்கிறான். காலை ஆறு மணிக்கு அலாரம் அடித்தால் அதே பிப்ரவரி 2. மறுநாளும் பிப்ரவரி 2. அதற்கு மறுநாளும். அதே ரேடியோ பாட்டு, அதே ஆட்கள், அதே அசட்டுக் கேள்வி. இதை நம்மிடம் கேட்டால், ஆபீஸ் போகிற எவனுக்கும் தெரிந்த கதைதானே என்போம்! முதலில் திருடிப் பார்க்கிறான். பெண்களை ஏமாற்றிப் பார்க்கிறான். சாகப் பார்க்கிறான், செத்தாலும் ஆறு மணிக்கு அலாரம் அடிக்கிறது. கடைசியில் வேறு வழியில்லாமல் பியானோ கற்றுக்கொள்கிறான். மரத்திலிருந்து விழுகிற பையனைத் தினமும் அதே நேரத்துக்குப் போய்த் தாங்கிப் பிடிக்கிறான். பையன் ஒரு நாள்கூட நன்றி சொல்வதில்லை. ஒரு பிச்சைக்காரக் கிழவரை மட்டும் என்ன செய்தும் காப்பாற்ற முடிவதில்லை. அந்த இடத்தில் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். குரு இல்லை, இமயமலை இல்லை. ஆனால் பௌத்தர்கள், கிறிஸ்தவர்கள், யூதர்கள் என்று ஆளாளுக்கு, ‘இது எங்கள் மதத்தைத்தான் சொல்கிறது’ என்று டைரக்டர் ஹெரால்ட் ராமிஸுக்குக் கடிதம் போட்டார்களாம்.

நம்ம பக்கம் ரஜினிகாந்த். நூறாவது படம் என்றால் ஊரே மசாலாவை எதிர்பார்க்கும்; அவர் 1985-ல் ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ கொடுத்தார். விசிலடிக்கப் போனவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தார்கள். 2002-ல் ‘பாபா’. நான் ஆரணியில் போய்ப் பார்த்தேன். ஏழு மந்திரத்தையும் எப்படிச் செலவழிக்கிறான் என்பதை விட, இமயமலைக்குக் கிளம்பியவன் கடைசி நேரத்தில் ஜனங்களிடம் திரும்புகிறானே, அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் அதற்குள் எழுந்து போய்விட்டார். வாங்கியவர்களுக்கு நஷ்டம், ரஜினி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2022 டிசம்பரில் வெட்டி ஒட்டி மறுபடி வெளியிட்டபோது அதே ஜனங்கள் பாலாபிஷேகம் செய்தார்கள். கமலின் ‘அன்பே சிவ’மும் அப்படித்தான், 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டரில் தூங்கி, பிறகு டி.வி.யில் எழுந்தது.

எனக்கு இதிலெல்லாம் உச்சம் ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’. ஹென்றி என்று ஒருத்தன், வளர்த்த அப்பாவின் ஊரைத் தேடி வருகிறான். பங்கு கேட்டு யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை. பாழடைந்த வீட்டைச் சுத்தம் செய்கிறான், ஊரோடு சிரிக்கிறான். அவன் எந்த மந்திரமும் சொல்வதில்லை. முப்பது பக்கத்துக்குள் நமக்கே அவன் மேல் பொறாமை வந்துவிடும்.

அப்பா 2009-ல் போய்விட்டார். தறியைப் பிரித்துவிட்டோம். குழியை மூடி சிமென்ட் போட்ட இடம் மட்டும் தரையில் வேறு நிறமாகத் தெரியும். என் பெரிய பையன் அதன் மேல்தான் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறான்.

போன வருஷம் எங்கள் ஆபீஸில் ஒரு பையன், 25 வயசு இருக்கும், என் மேஜைக்கு வந்து நின்றான். “சார், ஒரு மாசம் லீவு வேணும். மனசு சரியில்ல. திருவண்ணாமலைல போய் இருக்கலாம்னு...” மொபைலில் ஏதோ சாமியார் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். காதில் இன்னும் ஒயர் தொங்கியது.

ஒரு மாதம் கொடுக்க விதியில் இடமில்லை என்றேன். எத்தனை நாள் முடியும் என்று கேட்டான். பத்து நாள் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் சொல்லிவிட்டாயா என்றேன். தலையைக் குனிந்தான். சொல்லிவிட்டுப் போ என்று, டிராயரைத் திறந்து, ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பழசு இல்லை, பிறகு புதுசாக வாங்கிய பிரதி. கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

பதினோராம் நாள் காலையில் பையன் வேலைக்கு வந்துவிட்டான். புத்தகம்தான் இன்னும் வரவில்லை.